கப்பல் போடும் கணக்கு: ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ராணிப்பேட்டைக்காரன். இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் என்று பார்த்தால் பாதிப் பேர் தோல் அல்லது ஷூ தொழிலில் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தால்கூட, “அண்ணே, நம்ம கன்டெய்னர் ஏன் இன்னும் கொழும்புலயே கிடக்குது?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம ஊரில் ஆறே வறண்டு கிடக்கிறது. கப்பலை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோலைச் சென்னைக் கடற்கரையில் மசூலா படகில் ஏற்றி, தூரத்தில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோன காலத்திலிருந்தே பாலாற்றங்கரையின் பிழைப்பு கடலோடு கட்டுண்டது. இன்று ஆம்பூரில் தைத்த ஷூ ஹாம்பர்க் கடைக்குப் போக எத்தனை நாள், எவ்வளவு செலவு, என்ன ஆபத்து என்பது பெரும்பாலும் கப்பலைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. கப்பல் தாமதமானால் நாம் கிளியரிங் ஏஜென்ட்டைத் திட்டுகிறோம். பல நேரம் அவர் கையில் ஒன்றுமே இருக்காது. கப்பல் கம்பெனி எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று தெரிந்தால், எதற்கு ஏஜென்ட்டிடம் சண்டை போடலாம், எதற்கு நாமே தயாராக இருக்க வேண்டும் என்று புரியும்.

முன்பெல்லாம் சீக்கிரம் போனது. இப்போது கப்பல்கள் ஏன் மெதுவாகப் போகின்றன?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காவேரிப்பாக்கம் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நடந்து பாருங்கள். அப்புறம் அதே இடத்தில் ஓடிப் பாருங்கள். நடப்பது சுலபம், ஓடினால் பத்தடியில் மூச்சு வாங்கும். கப்பலுக்கும் அதே கதிதான். வேகம் கூடக் கூட, கப்பல் தன் முன்னால் தானே ஒரு அலையை எழுப்பி அதன் மேல் ஏற முயல்கிறது. தேவைப்படும் எஞ்சின் சக்தி, ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி எட்டு மடங்கு வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். 8,000 இருபதடிப் பெட்டிகள் கொள்ளும் கப்பல் ஒன்று 24 நாட் வேகத்தில் நாளொன்றுக்கு 200 டன் எண்ணெய் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 24 நாட் என்றால் மணிக்கு 44 கிலோமீட்டர். 6,000 கடல் மைல் போக 10.4 நாள், சுமார் 2,080 டன் எண்ணெய். இதையே 18 நாட்டுக்குக் குறைத்தால் நாளுக்கு 84 டன்தான் செலவாகும். பயணம் 13.9 நாளாக நீளும். ஆனால் மொத்த எண்ணெய் 1,170 டன். மூன்றரை நாளைக் கொடுத்து 900 டன் மிச்சம் பிடிக்கிறார்கள். டன் 600 டாலர் என்றால் ஒரே பயணத்தில் 5,40,000 டாலர்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வாரம் ஒரு கப்பல் என்று சேவை நடத்தும் கம்பெனி, வேகத்தைக் குறைத்தால் வாரக் கணக்கு தவறாமலிருக்க அதே தடத்தில் இன்னொரு கப்பலையோ இரண்டையோ கூடுதலாக விட வேண்டும். அந்தக் கப்பலின் வாடகை, ஆட்கள், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு தட்டு. மிச்சமாகும் எண்ணெய் மறு தட்டு. 2008 நெருக்கடிக்குப் பிறகு சரக்கில்லாத கப்பல்கள் நிறைய இருந்தன, எண்ணெய் விலையும் மீண்டும் ஏறியது. மெதுவாக ஓட்டினால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீர்ந்தன. அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

எஞ்சின் ரூமில் இருந்த எங்களுக்கு அது லேசான மாற்றமாக இல்லை. முழு வேகத்துக்கென்று செய்த எஞ்சினை அரை மூச்சில் மாதக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் சுவர் போதிய சூடேறாது. எண்ணெயிலுள்ள கந்தகம் அமிலமாக அங்கே படிந்து, லைனர் என்ற சிலிண்டர் உள் உறையை அரிக்கும். வேக ஓட்டத்துக்காக வடிவமைத்த முன்மூக்கு, குறைந்த வேகத்தில் உதவுவதற்குப் பதில் இழுவையைக் கூட்டிய கப்பல்களும் உண்டு. அவற்றின் மூக்கை வெட்டி எடுத்து, வேறு வடிவத்தில் புதிதாகப் பற்ற வைத்தார்கள். பல கோடி செலவுதான்; ஆனாலும் எண்ணெய் மிச்சத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும்.

சரி, மெதுவாகப் போவதில் கம்பெனிக்கு லாபம். எனக்கு நஷ்டம்தானே?

நாலு நாள் தாமதம் என்றால் அந்த நாலு நாளும் உங்கள் பணம் கடலில் மிதக்கிறது. 75 லட்ச ரூபாய் சரக்குக்கு 10 சதவீத வட்டியில் நாலு நாளுக்குச் சுமார் 8,200 ரூபாய். மேலே சொன்ன கணக்கில் மிச்சமான எண்ணெயைப் பெட்டிகளுக்குப் பிரித்தால், கப்பல் நிரம்பியிருக்கும் பட்சத்தில், ஒரு நாற்பதடிப் பெட்டிக்கு 135 டாலர் வரும். அந்த மிச்சம் முழுக்க உங்கள் வாடகையில் குறைந்தால் உங்களுக்கும் லாபம்தான். முழுக்கக் குறையாது, அதுதான் உண்மை.

விலை குறைந்த கனமான சரக்குக்கு மெதுவான கப்பல் பொருந்தும். சீசன் ஷூவுக்கு வட்டி பெரிய விஷயமே இல்லை. குளிர்கால பூட்ஸ் கடைக்குப் போகும் நாள் தவறினால் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார் அல்லது விமானத்தில் அனுப்பச் சொல்வார். அந்த ஒரு விமானச் செலவு மொத்த லாபத்தையும் தின்றுவிடும். ஆகவே உற்பத்தி அட்டவணை போடும்போது கம்பெனி சொல்லும் நாட்களோடு ஒரு வாரம் சேர்த்தே போடுங்கள்.

இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு? சின்னக் கப்பல்கள் நாலு விட்டால் ஆகாதா?

ஒரு கப்பலின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே கொள்ளும் இடம் எட்டு மடங்காகும். ஆனால் தண்ணீரை உரசும் உடம்பின் பரப்பு நாலு மடங்குதான் ஆகும். ஆட்களோ இருபது, இருபத்தைந்து பேர்தான். கப்பல் எவ்வளவு பெரிதானாலும் அதே எண்ணிக்கை. ஒரு பெட்டிக்கு ஆகும் இரும்பு, எண்ணெய், சம்பளம் எல்லாம் இப்படித்தான் குறைந்துகொண்டே வந்தன.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். 2006-இல் மெர்ஸ்க் கம்பெனி கொண்டுவந்த ‘எம்மா மெர்ஸ்க்’ கப்பல் 397 மீட்டர் நீளம். அதன் எஞ்சினில் 14 சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 96 சென்டிமீட்டர் விட்டம், பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஓட்டம் இரண்டரை மீட்டர். மொத்தம் 80 மெகாவாட். அவ்வளவு பெரிய எஞ்சின் நிமிடத்துக்கு நூறு சுற்றுதான் சுற்றும், ஏனென்றால் பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை வீணாக்காமல் தள்ளும். 2013-இல் அதே கம்பெனி 18,000-க்கும் அதிகமான பெட்டிகள் கொள்ளும் வரிசையைக் கொண்டுவந்தபோது கப்பல் பெரிதானது, எஞ்சின் சக்தி குறைந்தது. முதலிலிருந்தே மெதுவாகப் போகவென்று வரைந்த கப்பல் அது. இப்போது 24,000-ஐத் தாண்டிவிட்டார்கள்.

ஆனால் பெரிதாவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அது துறைமுகத்தில் தெரியும். ஒரு கிரேன் மணிக்கு 25 பெட்டி எடுக்கிறது, நாலு கிரேன் வேலை செய்கிறது என்றால் 3,000 பெட்டிக்கு 30 மணி நேரம். கப்பல் கட்டிக் கிடக்கும் நேரத்தில் ஒரு பைசா சம்பாதிக்காது. அதனால்தான் பெரிய கப்பல் சில பெரிய துறைமுகங்களில் மட்டும் நிற்கும். மற்ற இடங்களுக்குச் சின்னக் கப்பல் போகும். கப்பல் கம்பெனி தன் செலவைக் குறைத்தது, ஆனால் கிரேன், ஆழப்படுத்தல், யார்டு என்று அந்தச் சுமையில் ஒரு பங்கு துறைமுகங்கள் தலையில் இறங்கியது. எனக்கு இதில் கடைசிவரை ஒப்புதல் இல்லை. 2021 மார்ச்சில் 400 மீட்டர் ‘எவர் கிவன்’ சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வர்த்தகத்தையே நிறுத்தியபோது, அளவுக்கு ஒரு எல்லை வேண்டும் என்ற என் எண்ணம் உறுதிப்பட்டது.

அந்தப் பெரிய கப்பல்கள் ஏன் சென்னைக்கு வருவதில்லை? என் பெட்டி ஏன் கொழும்பில் இறங்கி ஏறுகிறது?

ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் நடுவே போகும் கப்பல் தடம் இலங்கையின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. கொழும்பு அந்தத் தடத்திலிருந்து ஒரு கை நீட்டும் தூரம். சென்னைக்கு வர வேண்டுமானால் இலங்கையைச் சுற்றிச் சுமார் 600 கடல் மைல் வர வேண்டும், அப்புறம் திரும்பவும் போக வேண்டும். பெரிய கப்பலுக்கு அது மூன்று நாள் எண்ணெய். அதற்கு ஈடாகச் சென்னையில் பல ஆயிரம் பெட்டிகள் ஒரே மூச்சில் ஏறி இறங்கினால்தான் கணக்கு தேறும். தேறாத வாரங்களில் ஃபீடர் எனப்படும் சின்னக் கப்பல் நம் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய், மதர் வெசல் எனப்படும் பெரிய கப்பலுக்குக் காத்திருக்க வைக்கிறது.

இங்கேதான் நம் தலைவலி. மதர் வெசல் நிரம்பிவிட்டால் உங்கள் பெட்டி அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும். ‘ரோல் ஆயிடுச்சு’ என்று ஏஜென்ட் சொல்வது அதைத்தான். புக்கிங் போடும்போது நேரடிக் கப்பலா, கொழும்பா, சிங்கப்பூரா என்று கேளுங்கள். கொழும்பில் எத்தனை நாள் இடைவெளி என்றும் கேளுங்கள். இரண்டு நாள் இடைவெளி காகிதத்தில் அழகாக இருக்கும், ஆனால் ஃபீடர் ஒரு நாள் தாமதமானால் போச்சு. நாலைந்து நாள் இடைவெளி இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. அடுத்த மாதமே உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான ‘எம்எஸ்சி ஐரினா’ அங்கே வந்து நின்றது. தடத்துக்குப் பக்கத்திலேயே இயற்கையான ஆழம் இருப்பதுதான் அந்த இடத்தின் பலம். வேலூர்ப் பக்கத்துச் சரக்குக்கு அது எவ்வளவு பயன்படும் என்பது, சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அங்கே ஃபீடர் எவ்வளவு அடிக்கடி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

சேதுக் கால்வாய் வந்திருந்தால் சுற்ற வேண்டியிருக்காதே?

2005-இல் வேலை தொடங்கி நின்றுபோன திட்டம். அரசியலை விட்டுவிட்டு எஞ்சினியர் கண்ணோடு சொல்கிறேன். குறுகலான, ஆழம் குறைந்த கால்வாயில் கப்பல் வேகமாகப் போக முடியாது. அடியில் தண்ணீர் குறைவாக இருந்தால் கப்பல் இன்னும் கீழே அமுங்கும், இழுவை கூடும். தூரத்தில் மிச்சம் பிடித்ததை வேகத்திலும் கட்டணத்திலும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். சிறிய கப்பல்களுக்கு உதவியிருக்கலாம். மதர் வெசல் அந்த வழியே வந்திருக்காது.

இருபதடிப் பெட்டியா, நாற்பதடிப் பெட்டியா?

இரண்டுக்கும் எடை வரம்பு ஏறத்தாழ ஒன்றுதான், மொத்தம் 30 டன்னை ஒட்டி. நாற்பதடியில் இடம் இரண்டு மடங்கு, எடை இரண்டு மடங்கு கிடையாது. இதை மறந்துவிட்டு விலை கேட்பவர்கள் நிறைய.

ஷூ பெட்டியில் பாதி காற்று. எடையைத் தொடுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். அதற்கு நாற்பதடி ஹை கியூப், அதாவது உயரம் கூடுதலான பெட்டி. கிருஷ்ணகிரிக் கிரானைட், டிரம்மில் வரும் மாம்பழக் கூழ், ஈரத்தோடு இறக்குமதியாகும் வெட் ப்ளூ (குரோமில் பாதி பதனிட்ட தோல்) இவையெல்லாம் கனம், இருபதடி போதும். ஃபினிஷ்ட் லெதர் (முழுக்கப் பதனிட்டு முடித்த தோல்) நடுவில் நிற்கும், ஒவ்வொரு ஆர்டருக்கும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கப்பலுக்கும் இதே பிரச்சினை உண்டு. 8,000 பெட்டிக் கப்பல் என்று பெயர் இருந்தாலும், ஒவ்வொரு பெட்டியும் 14 டன் என்றால் அதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் ஏற்ற முடியும். இடம் இருக்கும், ஆனால் கப்பல் அதற்குமேல் அமுங்கக் கூடாது. அதனால் கனமான சரக்கு அதிகம் வரும் துறைமுகத்தில் இடம் காலியாக இருந்தும் புக்கிங் கிடைக்காமல் போவதுண்டு.

எடையைக் கொஞ்சம் முன்னே பின்னே எழுதினால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் குரலை உயர்த்திப் பேசும் ஒரே விஷயம் இது.

கப்பலில் எந்தப் பெட்டி எங்கே என்பதை, நீங்கள் எழுதிக் கொடுத்த எடையை நம்பித்தான் திட்டமிடுகிறார்கள். கனமானது கீழே, லேசானது மேலே. 10 டன் என்று எழுதிய பெட்டி உண்மையில் 22 டன்னாக இருந்து அது மேலடுக்கில் உட்கார்ந்தால், கீழே இருக்கும் பெட்டியின் மூலைக் கால்கள் நசுங்கும், பெட்டிகளைப் பூட்டும் ட்விஸ்ட்லாக் பிய்யும், கப்பலின் எடை மையம் மேலே ஏறும். மையம் மேலே போனால் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர நேரம் எடுக்கும். ராத்திரி பங்க்கில் படுத்திருக்கும்போது கப்பல் அந்தப் பக்கமே ஒரு கணம் அதிகமாகத் தங்கினால், அனுபவமுள்ளவன் கண் விழித்துவிடுவான். அந்தக் கணம் எனக்குத் தெரியும்.

நீளவாக்கிலும் இதே கதைதான். கன்டெய்னர் கப்பலின் மேல்தளம் பெரும்பாலும் திறப்பு. மூடியைத் திறந்தால் மேலே குறுக்கே பிடித்திருக்க எதுவுமில்லாத ஒரு நீண்ட தொட்டி. அதை வளையாமலும் முறுக்காமலும் காப்பது ஓரங்களில் ஓடும் கனமான இரும்புதான். 2007 ஜனவரியில் ‘எம்எஸ்சி நெப்போலி’ ஆங்கிலக் கால்வாயில் உடல் விரிசல் விட்டுக் கைவிடப்பட்டது. பிறகு, மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 பெட்டிகளை எடைபோட்டார்கள். அவற்றில் 137 பெட்டிகள், எழுதிய எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் மாறியிருந்தன. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஐந்தில் ஒன்று தப்பு என்பது யாரையும் உலுக்கும்.

2016 ஜூலை 1 முதல், பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. இதை ஒரு காகித வேலையாக நினைக்காதீர்கள். லாரியை எடைமேடையில் ஏற்றி இறக்க அரை மணி நேரம்.

பெட்டி கடலில் விழுமா?

விழும். 2020 நவம்பர் 30 அன்று பசிபிக்கில் ‘ஒன் ஏப்பஸ்’ ஒரே ராத்திரியில் 1,800-க்கும் மேற்பட்ட பெட்டிகளை இழந்தது. கன்டெய்னர் கப்பலின் முன்னும் பின்னும் மேல்பக்கம் விரிந்து, தண்ணீருக்கடியில் ஒடுங்கி இருக்கும். வேகத்துக்கு ஒடுக்கம், பெட்டி அடுக்க விரிவு என்று இரண்டையும் கேட்டு வந்த வடிவம் அது. முன்னாலிருந்து வரும் அலைகள் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்துவிட்டால், கப்பலின் நிமிரும் சக்தி கூடிக் குறைந்து, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். வேகத்தையோ திசையையோ மாற்றினால் நிற்கும். ஆனால் அட்டவணை நெருக்கும்போது அந்த முடிவு தாமதமாகிறது.

உங்கள் பெட்டி உள்ளேயா, மேல்தளத்திலா என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. இன்சூரன்ஸ் எடுப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

தோல் பூஞ்சை பிடித்துப் போய்ச் சேர்கிறது. கப்பலில் தண்ணீர் புகுந்திருக்குமா?

பெரும்பாலும் புகுந்திருக்காது. தண்ணீர் நீங்கள் வைத்து அனுப்பியதுதான்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு நவம்பரில் நல்ல ஃபினிஷ்ட் லெதர் அனுப்பினார். அங்கே திறந்தபோது மேலடுக்கு முழுக்க வெள்ளைப் பூஞ்சை. கப்பல் கம்பெனியிடம் கேட்டால் பெட்டியில் ஓட்டை இல்லை என்றார்கள். உண்மைதான், ஓட்டை இல்லை. சரக்கை அடுக்கிய மரப் பலகைகளில் (பேலட்) முத்திரை இருந்தது. பூச்சி சாக வெப்பமூட்டிய முத்திரை அது. பூச்சி செத்த பலகை காய்ந்த பலகை என்று அர்த்தமில்லை. ஐப்பசி மழையில் ஷெட்டுக்கு வெளியே கிடந்து ஈரம் குடித்த பலகைகள். 20 பலகை, தலா 20 கிலோ, ஈரம் 30 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கினால் பெட்டிக்குள் ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். கப்பல் குளிர்ப் பிரதேசத்துக்குப் போனதும் பெட்டியின் இரும்புக் கூரை முதலில் குளிரும். ஆவி அங்கே துளியாகி, மழையாக உங்கள் தோலின் மேலேயே சொட்டும்.

பலகையை ஈரமானியால் பாருங்கள். 18 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஈரம் உறிஞ்சும் பைகளைக் கூரைப் பக்கம் தொங்கவிடுங்கள். காலிப் பெட்டி வந்ததும் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படித் தெரிந்தால் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். தரையின் மரப்பலகை ஈரமாக இருந்தாலும் அப்படியே. மழை பெய்யும்போது ஸ்டஃபிங் (பெட்டிக்குள் சரக்கு ஏற்றுவது) வேண்டாம், கட்-ஆஃப் (துறைமுகத்தில் பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரம்) நெருங்கினாலும் வேண்டாம்.

கப்பல் மூழ்கினால் கப்பல் கம்பெனி பணம் தரும்தானே?

நினைப்பதைவிட மிகக் குறைவாகத் தரும்; சில சமயம் ஒன்றுமே தராது. பல நாடுகளில் வழக்கிலுள்ள ஹேக்-விஸ்பி விதிகளின்படி, பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு நாணயம். மாலுமி கப்பலை ஓட்டுவதில் செய்த பிழையால் வந்த சேதத்துக்கு அந்த விதிகள் கப்பல்காரருக்கு விலக்கே கொடுக்கின்றன.

இதைவிட வினோதமாகத் தோன்றுவது ஜெனரல் ஆவரேஜ். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த இழப்பையும் செலவையும், கப்பல் முதலாளியோடு சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் மதிப்பின் விகிதத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருந்தாலும் உங்கள் பங்கு உண்டு. ‘எவர் கிவன்’ விவகாரத்திலும், 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தை இடித்த ‘டாலி’ விவகாரத்திலும் இது அறிவிக்கப்பட்டது. இன்சூரன்ஸ் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி உத்தரவாதக் கடிதம் தரும், பெட்டி வெளியே வரும். இல்லாவிட்டால் நீங்கள் ரொக்கம் கட்டிய பிறகுதான் பெட்டியைப் பார்க்க முடியும்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய ‘எம்எஸ்சி எல்சா 3’ ஒரு ஃபீடர் கப்பல்தான்; விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. 640 பெட்டிகள். கப்பலிலிருந்த 24 பேரும் பிழைத்தார்கள் என்பது பெரிய ஆறுதல்.

எஃப்ஓபி-யில் (கப்பலில் ஏற்றிக் கொடுப்பதோடு முடியும் விலையில்) விற்கிறோம், இன்சூரன்ஸ் வாங்குபவர் பாடு என்று சொல்பவர்களுக்கு ஒன்று: பெட்டி சென்னையில் கப்பலில் ஏறும்வரை ஆபத்து உங்களுடையது. ஆம்பூரிலிருந்து துறைமுகம்வரை லாரி, யார்டு, மழை எல்லாம் உங்கள் கணக்கில்.

கப்பல் வாடகை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

கப்பல் கட்ட இரண்டு மூன்று வருஷம் ஆகும். வாடகை ஏறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுப்பார்கள். கப்பல்கள் வந்து சேரும்போது சந்தை விழுந்திருக்கும். கட்டிய கப்பலைச் சும்மா நிறுத்தினாலும் கடன் வட்டி ஓடும், அதனால் எண்ணெய்ச் செலவு கிடைத்தால் போதும் என்று ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில்தான் 2016 ஆகஸ்டில் கொரியாவின் ஹான்ஜின் திவாலாகி, சரக்கோடு கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே தவித்தன. மிக மலிவான வாடகை வரும்போது சந்தோஷத்தோடு கொஞ்சம் பயமும் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கோவிட் காலத்தில் தலைகீழ். ஷாங்காய் கன்டெய்னர் வாடகைக் குறியீடு 2022 ஜனவரியில் 5,000-ஐத் தாண்டியது. அதற்கு முன் வழக்கமாக 1,000 பக்கம் கிடந்த எண் அது. 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றப் போயின. சிங்கப்பூர்–ராட்டர்டாம் சூயஸ் வழியே சுமார் 8,300 கடல் மைல், முனையைச் சுற்றினால் 11,800 பக்கம். தூரம் நீண்டால் அதே சரக்குக்கு அதிகக் கப்பல் தேவை. உபரி மறையும், வாடகை ஏறும்.

5,000 ஜோடி ஷூ ஏற்றிய பெட்டிக்கு வாடகை 2,000 டாலர் என்றால் ஜோடிக்கு 40 சென்ட். 6,000 டாலரானால் 1.20 டாலர். ஜோடிக்கு ஒரு டாலர் மிஞ்சும் வியாபாரத்தில் இது என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சிஐஎஃப் விலை (கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்த விலை) ஆறு மாதத்துக்குக் கொடுக்கும்போது, வாடகை இந்த அளவுக்கு மேல் போனால் விலை மாறும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

எண்ணெய் சர்சார்ஜ், சல்ஃபர் சர்சார்ஜ், கார்பன் சர்சார்ஜ்... இதெல்லாம் உண்மையா, பிடுங்கலா?

அடிப்படை உண்மை. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறங்கியது. நாங்கள் எரித்துக்கொண்டிருந்தது தார் மாதிரிக் கெட்டி. நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் எஞ்சினுக்குள் பீச்ச முடியும். மலிவு, ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்தவனாகச் சொல்கிறேன், அது போனது நல்லதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் கப்பல்களைத் தன் கார்பன் சந்தைக்குள் 2024-இல் கொண்டுவந்தது. அந்த வருஷ வெளியேற்றத்தில் 40 சதவீதத்துக்கும், 2025-க்கு 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுவதற்கும் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஐரோப்பா வரும் பயணத்துக்குப் பாதி மட்டும் கணக்கு. ஒரு டன் கனமான எண்ணெய் எரித்தால் சுமார் 3.1 டன் கரியமில வாயு. இந்த எண்களை வைத்து, கம்பெனி கேட்கும் தொகை நியாயமா என்று நீங்களே தோராயமாகப் பார்க்கலாம். இரண்டு மூன்று கம்பெனிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்தாலும் தெரிந்துவிடும்.

எண்ணெய்க்குப் பதில் மெத்தனாலில் ஓடும் கப்பல் வந்தால் வாடகை மலிவாகுமா?

சீக்கிரத்தில் ஆகாது. ஒரே அளவு சக்திக்கு மெத்தனாலுக்கு இரண்டு மடங்குக்கும் பெரிய டேங்க் வேண்டும். அந்த இடத்தில் பெட்டி வைக்க முடியாது.

பாய்லர் பாகம் மாதிரி, பெட்டிக்குள் அடங்காத சரக்கு?

ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலை இருப்பதால் இந்தக் கேள்வியும் வரும். கொஞ்சம் பெரியது என்றால், பக்கச் சுவரில்லாத ஃப்ளாட் ராக் பெட்டியில் கட்டி மேல்தளத்தில் வைப்பார்கள். பக்கத்து இடங்கள் வீணாவதால் அவற்றுக்கும் சேர்த்துக் காசு. மிகப் பெரியது என்றால் தன் கிரேன் உள்ள ஹெவி லிஃப்ட் கப்பல். அது தூக்கும்போது சாய்ந்துவிடாமலிருக்க, மறுபக்க டேங்குகளில் கடல் தண்ணீரை ஏற்றிக்கொண்டே தூக்கும். இந்த வகைச் சரக்கில் கப்பலைத் தேடுவதற்கு முன், சாலையிலுள்ள பாலங்களையும் மின்கம்பிகளையும் அளந்துவிடுங்கள்.

பையன் இங்கே மெக்கானிக்கல் படித்திருக்கிறான். கப்பலுக்குப் போகலாமா, சார்?

போகலாம். மெக்கானிக்கல் முடித்தவர்களுக்கென்று ஒரு வருஷ மரைன் எஞ்சினியரிங் படிப்பு உண்டு. அப்புறம் கடலில் பயிற்சிக் காலம், அதன்பின் தகுதித் தேர்வு. எஞ்சின் ரூம் 45 டிகிரி இருக்கும். வேலூர் மே மாதத்தில் வளர்ந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்தச் சூட்டில் கப்பல் ஆடும்போது ஸ்பேனர் பிடிக்க வேண்டும். வீட்டில் கல்யாணம், சாவு எதற்கும் நினைத்த நேரத்தில் வர முடியாது. அதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லூரியில் சேர்க்கும் முன், அந்தப் படிப்புக்குக் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ஆர்பிஎஸ்எல் (மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கான உரிமம்) எண்ணைக் கேளுங்கள். உரிமம் பெற்ற கம்பெனி மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது என்பதே விதி. எண் தர மறுத்தாலோ, கொடுத்த எண் அந்த இணையதளத்தில் இல்லாவிட்டாலோ பையனைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.